பங்குனி உத்திரத்துச் சாட்சி

6 ஜனவரி 2025, திங்கள்

நகைக்கடையில் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்குப் ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’. நீதிமன்ற ஆவண அறை வாசலில் நான்கு மணி நேரம் பொறுத்தேன். பூமி கிடைக்கவில்லை, அறுபது தீர்ப்புகளின் நகல் கிடைத்தது.

ஜெபராணி மேடம் ஒருவழியாக என் ஆய்வுத் தலைப்புக்குத் தலையாட்டிவிட்டார். எம்.ஏ. குற்றவியல், கடைசிப் பருவம். ஏப்ரல் 21-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தலைப்பு மகஜர் சாட்சிகள். போலீஸ் ஒரு திருட்டுப் பொருளைக் கைப்பற்றினால், எங்கே, எப்போது, எப்படிக் கைப்பற்றினோம் என்று அந்த இடத்திலேயே எழுதி, பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாள்தான் மகஜர். சட்டத்துக்கு வேண்டியது கண்ணால் பார்த்த இரண்டு பேர். ஸ்டேஷனுக்கு வேண்டியது கூப்பிட்ட குரலுக்கு வரும் இரண்டு பேர். ஒரே ஸ்டேஷனில் ஒரே ஆள் எத்தனை வழக்குகளுக்குச் சாட்சியாகியிருக்கிறார் என்று எண்ணப்போகிறேன். பனையடிக்குளம் ஸ்டேஷனைத்தான் எடுத்திருக்கிறேன். என் சொந்த ஊர், போக்குவரத்து மிச்சம்.

இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன். அப்பாவின் ஜெராக்ஸ் கடை ஸ்டேஷன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். கைவிலங்கோடு வருகிறவர்களையும் அவர்கள் பின்னால் சோற்றுத்தூக்கோடு வருகிற பெண்களையும் பார்த்து வளர்ந்தவள். நன்னடத்தை அலுவலர் ஆக வேண்டும் என்பது அங்கே உட்கார்ந்து முடிவு செய்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள் ஸ்டேஷன் ரைட்டர் மந்திரமூர்த்தி ஏட்டய்யா என் கையெழுத்தைப் பார்த்து, “பாப்பா, நீ ஜட்ஜே ஆகலாம்” என்று ஒரு மைப்பேனா பரிசு கொடுத்தார். இதை எழுதுவதும் அந்தப் பேனாவில்தான்.

விடுதியில் மறுபடியும் ரவா உப்புமா. இது தனி வழக்கு.

8 ஜனவரி, புதன்

அட்டவணை போட ஆரம்பித்தாயிற்று. சாட்சிகளின் பெயரை எழுதக்கூடாது, எண்தான் கொடுக்க வேண்டும் என்பது ஆய்வு நெறி. சா-1, சா-2 என்று போகிறது. முப்பது தீர்ப்பு முடிந்தது. சா-17 நான்கு முறை வந்திருக்கிறார்.

9 ஜனவரி, வியாழன்

அறுபதும் முடிந்தது. சா-17 பதினொரு வழக்குகளில். போர்வை துவைத்தேன், காயவில்லை.

14 ஜனவரி, செவ்வாய். பொங்கல்

ஊருக்கு வந்திருக்கிறேன். என் டைரியில் நானே மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? சா-17 என் அப்பா. சிவசைலம், வயது 54, ஜெராக்ஸ் கடை, பனையடிக்குளம்.

கையெழுத்துப் போடுவார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்கே தெரியும். பதினொன்று என்று தெரியாது.

இன்றைக்கும் ஒன்று போட்டார். பால் பொங்கி இறக்கியிருந்தோம். அப்பா வாசலில் நின்று கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்திருக்கும் கான்ஸ்டபிள் ஒருவர் பைக்கை நிறுத்தினார். “அண்ணாச்சி, ஒரு கையெழுத்து. ஐயா வாங்கிட்டு வரச் சொன்னாவ.” அப்பா கரும்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வேட்டியில் வலது கையைத் துடைத்து, பைக் சீட்டின் மேல் தாளை வைத்து மூன்று இடத்தில் போட்டார். கான்ஸ்டபிள் காட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் அவர் கண் போகவில்லை. அம்மா அவருக்கும் ஒரு இலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தாள்.

“என்னப்பா அது?”

“ஏதோ பைக் களவாம்.”

“எங்க வச்சுப் புடிச்சாவளாம்?”

“நான் என்னத்தக் கண்டேன்?”

“படிச்சுப் பாத்துப் போடலாம்லா?”

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். “அவ்வோ கண்ணு முன்னாலயே படிச்சா நம்பலன்னு ஆயிரும்லாம்மா. மரியாதையா இருக்குமா?”

அப்பாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. கடை இருக்கும் இடம் புறம்போக்கு. ஸ்டேஷன் மனது வைக்கிற வரைக்கும் இருக்கும். இதையெல்லாம் அவர் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. பொங்கல் நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

21 ஜனவரி, செவ்வாய்

மூன்று வழக்குகளின் முழுக் கட்டையும் பார்க்க அனுமதி கிடைத்தது. மகஜர்களையே நேரில் பார்க்கலாம். மூன்றையும் சா-17 வருகிற வழக்குகளாகவே கேட்டிருந்தேன். அதற்குக் காரணம் எழுதச் சொன்ன கட்டத்தில் ‘ஆய்வு நோக்கம்’ என்று எழுதினேன்.

இரண்டாவது கட்டு, கிணற்று மோட்டார் திருட்டு, 2018. குற்றவாளியின் பெயர் ஐகோர்ட் துரை. எங்கள் பக்கத்தில் ஐகோர்ட் மகாராஜா என்று ஒரு சாமி உண்டு, அந்தப் பெயர். ஆவண அறை குமாஸ்தா, “பேரு ஐகோர்ட்டு, ஆளு மாஜிஸ்திரேட் கோர்ட்டுலயே கவுந்துட்டாரு” என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். இரண்டு வருடத் தண்டனை. எழுபத்துநாலு நாள் உள்ளே இருந்திருக்கிறார். மேல்முறையீடு செய்து, தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, இப்போது வெளியே. மேல்முறையீடு ஏப்ரல் 17-ல் விசாரணைக்கு வருகிறது. தோற்றால் மிச்சத்தை அனுபவிக்க உள்ளே போக வேண்டும்.

அவருக்கு எதிராக உள்ளது இந்த மகஜர் ஒன்றுதான். 30.03.2018 காலை ஆறு மணிக்கு, குளத்துப் பாலத்துக்கு அடியில், சாட்சிகள் முன்னிலையில் அவரே மோட்டாரைத் தோண்டி எடுத்துக் கொடுத்தார் என்கிறது. மூன்று பக்கம். உருண்டையான, நல்ல கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எழுதியவர் யாரென்ற குறிப்பு இல்லை. அடியில் அப்பாவின் கையெழுத்து.

தேதி எதையோ ஞாபகப்படுத்துகிறது. என்னவென்று பிடிபடவில்லை. மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

22 ஜனவரி, புதன்

விடிந்ததும் பிடிபட்டது. கைபேசியில் பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்தேன். 2018 மார்ச் 30, வெள்ளிக்கிழமை, பங்குனி உத்திரம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. திருநெல்வேலிச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். எங்கே பிழைக்கப் போனவனும் அன்றைக்குத் தன் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவான். எங்கள் சாஸ்தா மலையடிவாரத்தில், பனையடிக்குளத்திலிருந்து வேனில் இரண்டு மணி நேரம். முதல் நாள் மத்தியானமே போய், ராத்தங்கி, மறுநாள் பொங்கல் வைத்துவிட்டுத்தான் திரும்புவோம். என் நினைவு தெரிந்து அப்பா ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. அன்று காலை ஆறு மணிக்கு அவரைக் குளத்துப் பாலத்தில் பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் குழந்தைகூடச் சிரிக்கும்.

எழுதியவர்கள் நாளைக் கவனிக்கவில்லை. வக்கீல் கவனிக்கவில்லை. கூண்டில் ஏறிய அப்பாவும் கவனிக்கவில்லை. தேதி என்பது எண்ணாக இருக்கும்போது யாருக்கும் அது திருவிழாவாகத் தெரியவில்லை.

இன்று முதல் பால்பாயின்ட். அந்த மைப்பேனா கசிகிறது.

3 பிப்ரவரி, திங்கள்

ஜெபராணி மேடத்திடம் சொன்னேன். சா-17 என் அப்பா என்று சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ரெண்டு வழி இருக்கு. அந்தப் பதினொரு வழக்கையும் எடுத்துட்டு, மிச்சத்த வச்சு முடிச்சுரு. யாரும் கேக்கமாட்டாங்க. இல்லன்னா, ஆய்வு செய்யறவளுக்கும் சாட்சிக்கும் உள்ள உறவு இதுன்னு மொத அத்தியாயத்துலயே எழுதணும். எழுதிட்டா அது நூலகத்துல இருக்கும். வேலைக்குப் போற எடத்துல யாரும் எடுத்துப் படிக்கலாம்.”

“அந்த மோட்டார் கேஸு, மேடம்?”

“அது ஆராய்ச்சி இல்லம்மா. அது ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போற விஷயம். அத உங்கப்பாகிட்டதான் கேக்கணும்.” பிறகு கேட்டார், “வேற ஏதாவது எங்கிட்ட சொல்லணுமா?”

இல்லை என்றேன்.

15 பிப்ரவரி, சனி

வீட்டுக்குப் போய்ப் பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். என் பழைய டைரிகள். 2018, உரக்கடை கொடுத்தது. மார்ச் 30 பக்கத்தில் பத்தொன்பது வயது ஆவுடைச்செல்வி எழுதியிருக்கிறாள்: ‘சாஸ்தா கோயில். பயங்கரக் கூட்டம். அப்பா பொங்கப்பானையைத் துணி பிடிக்காமல் இறக்கி இடது கையைச் சுட்டுக்கொண்டார். சித்தப்பா இங்க் ஊற்றச் சொன்னார், அம்மா அவரைத் திட்டினாள்.’

ஏப்ரல் 4 பக்கத்தையும் பார்த்தேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அப்பாவின் முன்னால் டைரியை விரித்து வைத்தேன். படித்தார். இடது உள்ளங்கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்துக்கொண்டார். “ஆமா, இந்தத் தடவதான்.”

“அன்னைக்கிக் காலையில ஆறு மணிக்குப் பாலத்தடியில மோட்டார் எடுத்தத பாத்தேன்னு கோர்ட்டுல சொல்லியிருக்கியப்பா.”

ஒருவர் ஆதார் நகல் எடுக்க வந்தார். அப்பா முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் எடுத்துக் கொடுத்தார். பிறகு மெல்லக் கேட்டார், “அதுக்கு இப்ப என்ன செய்யணும்?”

“நான் அன்னைக்கி அங்க இல்லன்னு எழுதிக் குடுக்கணும்.”

“எழுதிக் குடுத்தா என்ன ஆவும்?”

“பொய்ச்சாட்சின்னு உங்க மேல கேஸ் வரலாம்.”

இதைக் கேட்டுக்கொண்டே அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். “ஏட்டி, உன்னப் படிக்க வச்சது அப்பன உள்ள தள்ளவா? நல்லா இருக்கே நியாயம்! ஒலகத்துல ஒருத்தரும் போடாத கையெழுத்தயா போட்டுட்டாவ?”

“அந்த ஆளு எழுபத்துநாலு நாள் உள்ள கெடந்திருக்காரும்மா.”

“களவாங்காமலா புடிச்சாவ?”

“அதுதாம்மா யாருக்கும் தெரியாது. யாரும் பாக்கல.”

அம்மா தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்பா சாப்பிடவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. அப்பா மேல் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி பஸ்ஸுக்குக் காத்திராமல் சாயங்காலமே கிளம்பிவிட்டேன்.

24 பிப்ரவரி, திங்கள்

இரண்டாம் அத்தியாயம் முடிந்தது. முதல் அத்தியாயம் இன்னும் தொடவில்லை.

8 மார்ச், சனி

ஐகோர்ட் துரையைப் பார்த்தேன். நான்குவழிச் சாலை ஓரத்தில் ஓலைப்பந்தல் போட்டு நுங்கு விற்கிறார். இரண்டு முறை வண்டியை ஓட்டிக்கொண்டு கடந்து போனேன். மூன்றாவது முறை நிறுத்தினேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். அரிவாள் ஒரே வெட்டில் சீவுகிறது.

ஆறு நுங்கு தின்ற பிறகுதான் நான் யாரென்று சொன்னேன். குற்றவியல் படிக்கிறேன் என்பதை முதலிலும், ஜெராக்ஸ் கடை சிவசைலத்தின் மகள் என்பதைக் கடைசியிலும். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்தார்.

“அண்ணாச்சி சொகமா இருக்காவளா?”

இருக்கிறார் என்று தலையாட்டினேன்.

“நான் மோட்டார் காயில் கட்டுறவன்மா. பனையடிக்குளத்துச் சுத்துவட்டாரத்துல எந்தக் கெணத்து மோட்டார் எரிஞ்சாலும் எங்கிட்டதான் வரும். மோட்டார் காணும்னா எங்கிட்டதான் தேடுவாவ, அது சகஜம். அன்னைக்கி ஒரு மோட்டார என் பட்டறையில வச்சே எடுத்தாவ. அது ஒருத்தரு காயில் கட்டக் குடுத்தது. ரசீது இருக்குன்னேன், கேக்கல. பாலத்துக்கடியில பொதச்சு வச்சேன்னு எழுதிட்டாவ. இப்ப எவன் எனக்கு மோட்டார் குடுப்பான்? அதான் பனையில ஏறியாச்சு.”

“எங்கப்பா மேல உங்களுக்கு...”

“அவர என்னத்தச் சொல்ல? நான் அவர மொதமொதல்ல கோர்ட்டுலதான் பாத்தேன். அவரும் என்ன அன்னைக்கித்தான் பாத்தாரு. எதிரிய அடையாளம் காட்டுங்கன்னு வக்கீலு சொல்லுதாரு. அண்ணாச்சி அங்கயும் இங்கயும் முழிக்காரு. கூண்டுகிட்ட நாலு பேரு நிக்கோம். பாவமா இருந்துச்சு. நாந்தான் லேசா கையத் தூக்குனேன்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். நுங்குக்குக் காசு வாங்க மறுத்தார். நான் வண்டியை அடுத்த வளைவு வரை தள்ளிக்கொண்டே போய், அங்கே நின்று அழுதேன்.

9 மார்ச், ஞாயிறு

இன்றைய பொன்மொழி, ‘தன் நெஞ்சறிவது பொய்யற்க’. நகைக்கடைக்காரருக்கு என் மேல் என்ன கோபமோ.

2018 ஏப்ரல் 4 பக்கத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன்: ‘ஏட்டய்யா ஒரு மகஜர் கொண்டுவந்தார். அவர் கிறுக்கலை மாஜிஸ்திரேட் திட்டினாராம், நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடு பாப்பா என்றார். மூன்று பக்கம், அடித்தல் இல்லாமல் எழுதினேன். ரொம்பப் பாராட்டினார். ஒரு மைப்பேனா கொடுத்தார்!!’

இரண்டு ஆச்சரியக்குறி.

ஜனவரியில் கட்டைப் பிரித்த உடனேயே என் கையெழுத்து எனக்குத் தெரிந்துவிட்டது. ‘எழுதியவர் யாரென்ற குறிப்பு இல்லை’ என்று இந்த டைரியில் எழுதினேன். மேடம் கேட்டபோது இல்லை என்றேன். அப்பாவைக் கடையில் வைத்துக் குறுக்கு விசாரணை செய்தேன். அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் ஒவ்வொரு சொல்லாகப் படித்து, எழுத்துப்பிழை திருத்தி, 30.03.2018 என்று என் கையால் எழுதினேன். ஐந்து நாளைக்கு முன்புதான் அதே நாளில் சாஸ்தா கோயிலில் பொங்கல் தின்றிருந்தேன். கையெழுத்து அழகாக வருகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

அதுவும் போகட்டும், அந்தப் பேனாவால்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன்.

பேனா கசியவில்லை. நன்றாகத்தான் எழுதுகிறது.

13 மார்ச், வியாழன்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். முதல் அத்தியாயத்தை எழுதிக்கொண்டு வா என்றார். அவ்வளவுதான்.

அங்கிருந்து நேராக ஐகோர்ட் துரையின் வக்கீலைப் பார்க்கப் போனேன். இலவச சட்ட உதவியில் வந்தவர், பெயர் ரஹ்மத் நிஷா, என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் எடுக்கச் சொல்லி மனுப் போடலாம், அதற்கு நானும் அப்பாவும் ஆளுக்கொரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், பழைய டைரியையும் சேர்க்க வேண்டும் என்றார்.

“உங்க அப்பா இல்லாம உங்க பத்திரம் மட்டும் நிக்காது. டைரிய நேத்து எழுதுனதுன்னு சொல்லிருவாங்க. அவரு வரணும். வந்தா அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. அரசாங்க வேலைக்குப் போகணும்னு சொல்றீங்க. நல்லா யோசிச்சுட்டு வாங்க.”

யோசித்தாயிற்று என்றேன். என்னுடையதை அங்கேயே எழுதச் சொல்லிவிட்டேன். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், என் கையெழுத்துச் சமாசாரத்தையும் சேர்த்து. மறுமுனையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. “அது உன் எழுத்தாம்மா?” என்றார். ஏழு வருஷமாக அவருக்கு அதுகூடத் தெரியாது.

22 மார்ச், சனி

அப்பாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. ஏட்டய்யாவிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். நான் ஊருக்கு வந்த தகவல் கிடைத்ததும் மந்திரமூர்த்தி ஏட்டய்யா வீட்டுக்கே வந்துவிட்டார். இப்போது எஸ்.எஸ்.ஐ. ஆகிவிட்டார், எங்களுக்கு இன்னும் ஏட்டய்யாதான். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பாப்பா, நீ எங்க ஸ்டேஷன் வளத்த புள்ள. நீ பெரிய வேலைக்குப் போனா எங்களுக்குத்தான் பெருமை. போலீஸ் வெரிபிகேஷன் நம்ம ஸ்டேஷனுக்குத்தான் வரும், நான்தான் எழுதணும். நல்லபடியா எழுதணும்னு ஆசையா இருக்கேன்.” காப்பியை ஆற்றினார். “அந்தப் பழைய கேஸ நோண்டுதியாமே. அத எழுதுனது நீதான, மறந்துட்டியா?”

“மறக்கல ஏட்டய்யா. அதையும் சேத்துத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.”

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “அவன் சுத்தமானவன்னு நெனைக்கியா? அந்த ஏரியாவுல களவு போன மோட்டாரு அம்பது. எவனையாவது புடிக்காட்டா மேல எங்கள நிக்க வச்சு வாங்குவாவ. அவங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு.”

“இருந்த எடத்த எழுதியிருக்கலாம்லா? பட்டறைன்னு எழுதியிருந்தா அவரு ரசீதக் காட்டியிருப்பாரு.”

பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. அப்பாவைப் பார்த்து, “அண்ணாச்சி, கடை இருக்க எடம் ஞாபகம் இருக்கட்டும்” என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்பா அந்தப் பேனாவை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்து, அலமாரியில் வைத்தார். அப்போதும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

1 ஏப்ரல், செவ்வாய்

முதல் அத்தியாயம் எழுதி முடித்தேன். முதல் வரி: ‘இந்த ஆய்வில் சா-17 என்று குறிப்பிடப்படுபவர் ஆய்வாளரின் தந்தை, மகஜர் ஒன்றை எழுதியவர் ஆய்வாளரே.’ பதினாறு தடவை எழுதி அடித்தபின் வந்தது.

6 ஏப்ரல், ஞாயிறு

அப்பாவிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டேன்.

11 ஏப்ரல், வெள்ளி. பங்குனி உத்திரம்

சாஸ்தா கோயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் சித்தப்பா வீட்டுக் கூட்டம் சீட்டு விளையாடுகிறது. அப்பாவிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வேனில் ஏறினேன். கேட்டுக் கேட்டு வாங்கினால் அதுவும் ஸ்டேஷன் கையெழுத்து மாதிரிதான் ஆகும்.

காலையில் அப்பாதான் பொங்கல் வைத்தார். பானையை இறக்கும்போது அம்மா, “துணியப் புடிச்சு எறக்குங்க, சுட்டுக்கிட்டது பத்தாதா?” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா துணியைப் பிடித்துப் பானையை இறக்கி வைத்துவிட்டு, நேரே போய்ச் சன்னதியில் நின்றார். பூசை முடிந்து எல்லோரும் திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. கூப்பிடப் போனேன்.

“ஆவுடை, கோர்ட்டுல சத்தியம் வாங்கும்போது என்ன சொன்னேன் தெரியுமா? அன்னைக்கி நான் பாலத்துல நின்னேன்னு சொன்னேன்.”

“ஆமாப்பா.”

“அப்படின்னா அன்னைக்கி நான் இங்க வரலன்னு சொல்லியிருக்கேன்.” சாஸ்தாவைக் கையால் காட்டினார். “இவரு முன்னால நின்னுட்டுப் போயி, நிக்கலன்னு சொல்லியிருக்கேன். இத்தன வருசமா இது எனக்குத் தோணவே இல்ல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அந்த வக்கீலம்மா நாளைக்கி இருப்பாவளா?” என்று கேட்டார்.

இலையில் வைத்த பொங்கல் ஆறிப்போயிருந்தது. அம்மா இரண்டு பேருக்கும் சூடாக வேறு வைத்தாள். அப்பாவின் இலையில் மட்டும் கூட ஒரு கரண்டி வைத்தாள்.

12 ஏப்ரல், சனி

கடையைப் பூட்டிவிட்டு அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை. ரஹ்மத் நிஷா பிரமாணப் பத்திரத்தைத் தயாராக வைத்திருந்தார். நான்கு பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். நோட்டரி அடுத்த அறையில் காத்திருந்தார்.

அப்பா பேனாவை எடுத்தார். முதல் புள்ளியில் வைத்தார். அப்புறம் எடுத்துவிட்டார்.

“கோச்சுக்கிடாதீங்கம்மா. ஒரு தடவ படிச்சுக்கிடட்டுமா?”

“தாராளமா படிங்க ஐயா.”

என் அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்ததை இன்றுதான் பார்க்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். நோட்டரி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

“இங்க வலது கைன்னு போட்டிருக்கு. சுட்டது இடது கை.” உள்ளங்கையை விரித்துத் தழும்பைக் காட்டினார்.

ரஹ்மத் நிஷா மன்னிப்புக் கேட்டு, திருத்தி, அந்தப் பக்கத்தைப் புதிதாக அச்செடுத்துக் கொண்டுவந்தார். அப்பா அதையும் முதலிலிருந்து படித்தார். பிறகு நான்கு பக்கத்திலும் போட்டார். கோணலான அதே கையெழுத்துதான்.

கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே ‘நாள்’ என்று ஒரு கோடு காலியாக இருந்தது. அப்பாவின் பேனா அங்கே நின்றது. நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

“என்ன தேதி போடணும்?”

எனக்கு முதலில் புரியவில்லை. முப்பது வருஷமாக அவரிடம் யாராவது ஒரு தேதியைச் சொல்லியிருக்கிறார்கள், அவர் போட்டிருக்கிறார்.

“இன்னைக்குத் தேதிதாம்ப்பா.”

“இன்னைக்குத் தேதியேவா?”

“ஆமாப்பா.”

சுவரில் தொங்கிய காலண்டரை நிமிர்ந்து பார்த்தார். நேற்றைய தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. எழுந்து போய் அதைக் கிழித்துவிட்டு வந்து உட்கார்ந்து, 12.4.2025 என்று எழுதினார்.